பால் கணக்கு

போன வாரம் காலை ஆறரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. ராஜாஜி சாலை அலுவலகத்தில் என் எதிர் மேசையில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்த நண்பர். அவருடைய தம்பிக்குக் கணையத்தில் அறுவை சிகிச்சை நடந்து ஆறாவது நாளாம்.

"வயித்துல வெச்ச குழாய்ல பால் மாதிரி வருதுப்பா. டாக்டர் கைல் லீக்குன்னு சொல்றாரு. உன் வீட்லயும் இப்படித்தானே வந்துது? பயமா இருக்கு."

அரை மணி நேரம் பேசினேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். போனை வைத்ததும் சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "எல்லாத்தையும் சொன்னீங்க. தேங்கா எண்ணெய மட்டும் சொல்லலையே."

அவள் சொன்னது சரிதான். எட்டு வருடமாக யாரிடமும் சொல்லாத விஷயம் அது. இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எந்த மருத்துவமனை, எந்த டாக்டர் என்பதெல்லாம் வேண்டாம். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை என் பக்கம்தான்.

2016 நவம்பரில் ஊரே வங்கி வாசலில் பழைய ஐநூறு ரூபாய்த் தாளோடு நின்றுகொண்டிருந்தபோது இவளுக்குக் கண் மஞ்சளானது. கூடவே அரிப்பு, இரவெல்லாம் தூங்க விடாத அரிப்பு. வழக்கம்போலக் கீழாநெல்லி கொடுத்தோம். இரண்டு வாரம் வீணானது. பிறகு ஸ்கேன் எடுத்ததில், பித்தக் குழாயும் கணையக் குழாயும் சேர்ந்து சிறுகுடலில் திறக்கிற வாயில் ஒரு சிறு கட்டி இருப்பது தெரிந்தது. விப்பிள் ஆபரேஷன் என்றார்கள். நியூயார்க்கில் 1935-இல் ஆலன் விப்பிள் என்பவர் செய்து காட்டியதால் அவர் பெயர். கணையத்தின் தலைப்பகுதி, சிறுகுடலின் முதல் வளைவு, பித்தப்பை, பித்தக் குழாயின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பதை மூன்று இடத்தில் குடலோடு தைக்கிறார்கள். சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்களையும் சுரண்டி எடுக்கிறார்கள். ஏழு எட்டு மணி நேர வேலை.

2017 ஜனவரி 19, வியாழக்கிழமை. தெருவெல்லாம் ஜல்லிக்கட்டுக்காகப் பிள்ளைகள். நானும் இவளுடைய அக்காவும் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அக்கா திருவொற்றியூரில் இருப்பவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர் வெளியே வந்து "நல்லா முடிஞ்சுது" என்றார்.

நான்கு நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. வயிற்றின் வலப்பக்கக் குழாயில் முதலில் ரத்தக் கசிவு, பிறகு வைக்கோல் நிறத்தில் தண்ணீர். ஐந்தாம் நாள் பால் கலந்த டீயும் இட்லியும் கொடுக்கச் சொன்னார்கள். ஆறாம் நாள் காலையில் பையில் இருந்தது பால்.

மிகைப்படுத்தவில்லை. கண்ணாடி டம்ளரில் ஊற்றி வைத்தால் வித்தியாசம் தெரியாது. எனக்கு முதலில் தோன்றியது, தையல் பிரிந்து, குடித்த டீயே குழாய் வழியாக வருகிறது என்பதுதான். கை நடுங்கிவிட்டது. நர்ஸ் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாம்பிள் எடுத்துப் போனார். சாயங்காலம் டாக்டர் விளக்கினார். பையில் வந்த நீரில் அமிலேஸ் குறைவு, அதனால் கணையத் தையல் பிரியவில்லை. டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு 480. மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ பால் போன்ற நீர் வந்து, அதில் இந்தக் கொழுப்பு டெசிலிட்டருக்கு 110 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் அது கைல் லீக். உலகத்துக் கணைய அறுவை நிபுணர்கள் கூடி வகுத்திருக்கும் வரையறை அது.

கைல் என்ற சொல் எனக்குப் புரியவில்லை. எந்தப் பரிசோதனை என்று அவர் சீட்டில் எழுதிக் கொடுத்தபோது எழுத்துகளைப் பார்த்தேன். அரை நூற்றாண்டு பின்னால் போய்விட்டேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்கு வயது 12. அதன் பிறகும் சில வருடம் எங்கள் வகுப்பில் எல்லாம் பிரெஞ்சுதான். இயற்கை அறிவியல் முசியே கரும்பலகையில் ஒரு வயிறு வரைவார். இரைப்பையில் கூழாவது 'ஷிம்'. அதிலிருந்து குடல் உறிஞ்சும் வெள்ளைச் சாறு 'ஷில்'. இரண்டையும் மாற்றிச் சொன்னால் விரல் முட்டியில் ரூல்தடி விழும். அந்த 'ஷில்'தான் இங்கே கைல் ஆகி என் மனைவியின் பையில் நிறைந்திருந்தது. முட்டி வலித்தது போலவே இருந்தது.

நாம் சாப்பிடும் சோறும் பருப்பும் செரித்து நேராக ரத்தத்தில் சேர்ந்து ஈரலுக்குப் போகின்றன. எண்ணெயும் நெய்யும் அப்படிப் போவதில்லை. அவை பொடிப் பொடித் துளிகளாகி, குடல் சுவரில் உள்ள நிணநீர்க் குழல்களில் ஏறுகின்றன. அந்தக் குழல்கள் முதுகெலும்புக்கு முன்னால் ஒரு சின்னத் தொட்டியில் கூடி, அங்கிருந்து மார்பு வழியாக மேலே போய், இடது கழுத்தோரம் ஒரு ரத்தக் குழாயில் கொட்டுகின்றன. மயிரிழைபோன்ற குழல்கள். கணுக்களைச் சுரண்டும்போது ஒன்றிரண்டு அறுபட்டால் அறுத்தவர் கண்ணுக்கே தெரியாது. காரணம், நோயாளி பட்டினி. பட்டினியில் அந்த நீர் வெறும் தண்ணீர்போல் இருக்கும். கொழுப்பு உள்ளே போனால்தான் வெளுக்கும். அதனால்தான் பால் டீ குடித்த மறுநாள் குட்டு வெளிப்பட்டது.

இதை முதலில் பார்த்தவர் இத்தாலியர், காஸ்பாரே அசெல்லி, 1622-இல். ஒரு நாயை அறுத்தபோது குடலின் மேல் வெள்ளை நூல்கள் தெரிந்தன. இன்னொரு நாயில் தேடினார், ஒன்றும் இல்லை. முதல் நாய் சாப்பிட்ட நாய், இரண்டாவது பட்டினி நாய் என்று பிறகுதான் உறைத்தது. ஆனால் அந்த வெள்ளைக் குழல்கள் ஈரலுக்குப் போகின்றன என்று தவறாக முடிவு செய்துவிட்டார். அதைத் திருத்தியவர் எங்கள் முசியே பெருமையோடு சொல்லும் பிரெஞ்சுக்காரர், ஜான் பெக்கே. தொட்டியையும் மார்புக் குழாயையும் 1651-இல் எழுதி வெளியிட்டார். பிரெஞ்சுப் புத்தகங்களில் அதற்குப் பெக்கேயின் தொட்டி என்றே பெயர்.

ராயபுரத்துக்காரர்களுக்குத் தொட்டி புதிதல்ல. ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். 1782 பஞ்சத்தில் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றிய இடம் அது. அறுவை நடந்தது அங்கே இல்லை. ஆனால் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் இரண்டு தொட்டியும் மனசில் ஒன்றாகக் கலந்துவிடும்.

சித்த மருத்துவத்தில் உடலின் ஏழு தாதுக்களில் முதலாவது சாரம். சாப்பாட்டின் சாரம். அதன் பிறகுதான் செந்நீர். பையில் வழிந்தது அந்தச் சாரம்தான் என்று நினைத்தபோது வயிறு கலங்கியது. வெறும் கொழுப்பு மட்டும் போகவில்லை. புரதம் போகிறது, உப்பு போகிறது, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் போகின்றன. முதல் மூன்று நாளும் அறுநூறு, அறுநூற்றைம்பது மில்லி. புதுத் தையல் ஆற வேண்டிய உடம்பு.

நிணநீர் என்ற சொல் எனக்கு வேறு விதத்திலும் பழக்கம். என் அம்மாவுக்கு இடது காலில் யானைக்கால். புதுச்சேரியில் அந்தக் காலத்தில் தெருவுக்கு இரண்டு பேருக்கு இருந்தது. கொசு கொண்டுவரும் புழு நிணநீர்க் குழல்களை அடைத்துவிடும். அங்கே 1975-இல் கொசு ஆராய்ச்சி நிலையம் ஒன்று வந்தது, அம்மா போய்ச் சேர்ந்த பிறகு. சிலருக்குப் புழு அடைத்து, சிறுநீரே பால்போல் போகும். கல்கத்தாவில் 1870-இல் லூயிஸ் என்ற டாக்டர் அப்படிப்பட்ட சிறுநீரில்தான் அந்தப் புழுவைக் கண்டார். இதே வெள்ளைச் சாறு, வேறு ஓட்டை வழியாக. அம்மாவின் காலை நான் தொட்டதே இல்லை. அது வேறு கதை.

வைத்தியம் எளிமையானது. முதலில் வாய்வழிச் சாப்பாடு நிறுத்தம், எல்லாம் நரம்பு வழியாக. அந்தப் பையிலும் கொழுப்புக் கரைசல் உண்டு, அதுவும் வெள்ளைதான். ஆனால் நேராக ரத்தத்தில் போவதால் நிணநீர்க் குழலில் ஏறாது. வயிற்றில் மூன்று வேளை ஆக்ட்ரியோடைட் ஊசி. மேலே தொங்கும் வெள்ளைப் பையையும் கீழே தொங்கும் வெள்ளைப் பையையும் பார்த்துவிட்டு இவள் மெதுவாகச் சொன்னாள்: "மேல பாலு, கீழ பாலு. நடுவுல நான் இன்னா ஆவின் பூத்தா?" அன்றுதான் ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தேன்.

அதே நாட்களில்தான் எண்ணூரில் கப்பல் மோதியது. ஜனவரி 28 விடியற்காலை, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள். எர்ணாவூர்க் கரையில் கரி எண்ணெய் சேறுபோல் ஒதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக அள்ளினார்கள். அக்கா வரும்போதெல்லாம் அந்தக் கதைதான். காசிமேட்டில் மீன் வாங்க ஆள் இல்லை. எனக்கோ கசிவு என்ற சொல்லைக் கேட்டாலே பை ஞாபகம்.

சாப்பாட்டை நிறுத்தியதும் அளவு இறங்கியது. பிப்ரவரி 6-ஆம் தேதி குழாயோடே வீட்டுக்கு அனுப்பினார்கள். கொழுப்பில்லாத சாப்பாடு, தினமும் பையை அளந்து எழுதி வரவேண்டும், பத்து நாள் கழித்து வாருங்கள்.

அளந்து எழுதுவது! முப்பத்தேழு வருடம் நான் செய்த வேலை அதுதான். கல்மண்டபத்தில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். தேதி, நேரம், அளவு, நிறம், குறிப்பு என்று கோடு போட்டேன். அந்தக் காலத்துப் பால்காரர் கணக்கு நோட்டு மாதிரியே இருக்கிறது என்றாள் இவள். பெயர் அப்படியே நின்றுவிட்டது, பால் கணக்கு.

நண்பரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பைமேல் அச்சடித்திருக்கும் கோட்டை நம்பக் கூடாது. பை உப்பினால் ஐம்பது மில்லி முன்னே பின்னே காட்டும். அளவுக் குவளை ஒன்று தனியாக வாங்கி, தினமும் ஒரே நேரத்தில், சமமான இடத்தில் வைத்து, கண்ணை அதன் மட்டத்துக்குக் குனிந்து பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். நிறத்துக்கு நான் மூன்று சொல் வைத்தேன்: இளநீர், நீர்மோர், பால். டாக்டரே அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இதுவே போதும் என்றார். அளவு திடீரென்று பூஜ்யமானால் சந்தோஷப்படக் கூடாது. எங்களுக்கு ஒரு காலை அப்படி வந்தது. குழாய் இவள் இடுப்புக்குக் கீழே மடங்கியிருந்தது. காய்ச்சலோ வயிற்று உப்புசமோ வந்தால் கணக்கெல்லாம் எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

எண்ணெய் இல்லாமல் சமைப்பது இவள் பிறந்த வீட்டு வழக்கத்துக்கே விரோதம். காசிமேட்டுப் பக்கத்துக் கை அது. இட்லித் தட்டில் துணி போட்டு ஊற்றினோம். தாளிக்காத ரசம், பருப்புத் தண்ணீர், முட்டையின் வெள்ளைக்கரு, ஆடை எடுத்த பால்பொடி. கிழங்கான் மீனை மட்டும் புளித் தண்ணீரில் எண்ணெய் விடாமல் கொதிக்க வைத்துக் கொடுக்கலாம் என்றார்கள். கொழுப்புக் குறைந்த மீன். எண்ணூர்ப் பயத்தில் விலையும் சல்லிசு. தேங்காய்ச் சட்னி கூடாது. பிஸ்கட்டில் கொழுப்பு, டீக்கடைப் பாலில் கொழுப்பு, சத்துமாவு என்று டப்பாவில் விற்பதில் கூடக் கொழுப்பு. டப்பாவின் பின்பக்கம் படிப்பதே எனக்கு வேலையானது.

முதல் நான்கு நாள் நோட்டு இப்படி: 220, 210, 190, 180. நிறம் இளநீர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

டாக்டர் சீட்டில் எம்.சி.டி. எண்ணெய் என்று ஒன்று எழுதியிருந்தார். அது ஒரு விசித்திரமான கொழுப்பு. அதன் சங்கிலி குட்டையானது. அதனால் நிணநீர்க் குழலில் ஏறாமல், சோறு போகும் வழியில் நேராக ஈரலுக்குப் போய்விடும். கசிவையும் கூட்டாது, உடம்புக்குச் சக்தியும் தரும். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை மருந்துக் கடைகளில் கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர் ஆர்டர் போட்டால் ஒரு வாரம் ஆகும் என்றார், விலையையும் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்கப்படுவது என்று போட்டிருந்தது.

அவ்வளவுதான் படித்தேன். மேலே படிக்கவில்லை.

செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். காலையில் இரண்டு கரண்டி, இரவில் இரண்டு கரண்டி, இட்லிப் பொடியில் குழைத்து. "இதுவும் எண்ணெய்தானேங்க" என்றாள். "இது வேற. உனக்குப் புரியாது" என்றேன். அது மருந்து என்பது என் நினைப்பு. என் நோட்டில் மருந்துக்குக் கட்டம் இல்லை. அதனால் எழுதவில்லை.

பிப்ரவரி 12: 310, நீர்மோர். 13: 380, பால். 14: 430, பால்.

டி.வி.யில் கூவத்தூர் விடுதியையும், உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்த நாள். நான் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். சமையல் என் மேற்பார்வை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறவே இல்லை. அப்படியென்றால் வெளியிலிருந்து வருகிறது. அக்கா முந்தின நாள் ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்திருந்தார். நான் உள்ளே வந்ததும் டப்பாவைத் தலையணைப் பக்கம் தள்ளினார்கள், நான் பார்த்தேன்.

அக்கா அன்றும் வந்தார். அவர் இருக்கும்போதே கேட்டேன்.

"என்ன சாப்பிட்ட?"

"நீங்க குடுத்ததுதான்."

"கணக்கு பொய் சொல்லாது. மூணு நாள்ல ரெண்டு மடங்கு. வறுத்த மீனா, வடையா? யார் கொண்டுவந்து குடுக்கிறாங்கன்னும் எனக்குத் தெரியும். வாயைக் கட்ட முடியலன்னா எதுக்கு இவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷன்?"

எழுதும்போதே கூசுகிறது. ஆனால் இதே வார்த்தைகள்தான். அக்கா எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் படி இறங்கிவிட்டார். இவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரவு இட்லி வேண்டாம் என்றாள். மறுநாள் காலையில் வெறும் கஞ்சித் தண்ணீர். மத்தியானம் அதுவும் இல்லை.

பிப்ரவரி 16 காலை: 170, இளநீர். குறிப்புக் கட்டத்தில் நான் எழுதியிருப்பதை இப்போதும் படிக்கலாம். "கண்டித்த பின் குறைந்தது."

அன்றுதான் மறுபரிசோதனை. டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு உணவியல் நிபுணரிடம் அனுப்பினார். சின்னப் பெண், என் பேத்தி வயது. இவளை எடை பார்த்தாள். அறுவைக்கு முன் 51 கிலோ. இப்போது 45.

"ஐயா, வெளியே வர்றதை ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. உள்ளே போறது எங்கே?"

அதற்கு நோட்டில் கட்டம் இல்லை. வாயால் சொன்னேன். தேங்காய் எண்ணெயையும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. எம்.சி.டி. கிடைக்கவில்லை, அதனால் அதன் மூலப்பொருளையே கொடுக்கிறேன் என்று.

அந்தப் பெண் பேனாவை மூடிவைத்தாள். தேங்காய் எண்ணெயில் எட்டு, பத்து கார்பன் உள்ள குட்டைச் சங்கிலி நூற்றில் பதினைந்து பங்குதான் இருக்கும் என்றாள். அதைப் பிரித்தெடுத்துச் செய்வதுதான் மருந்துக் கடை எண்ணெய். பாதிக்குப் பாதி லாரிக் அமிலம், பன்னிரண்டு கார்பன். அதில் பெரும்பகுதி நிணநீர் வழியாகத்தான் போகும். மிச்சம் இருப்பது சாதாரண நீளக் கொழுப்பு. "நாலு கரண்டின்னா, கசியற இடத்துக்கு நீங்களே ஊத்தின மாதிரி. அதை விட்டா, ரெண்டு நாள் சாப்பிடாம இருந்ததால குறைஞ்சிருக்கு. அது ஆறினதால குறைஞ்சது இல்ல."

இவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் திரும்பும்போது கேட்டேன். "உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும், கார்பன்லாம். எண்ணெய் போட்டதுல இருந்து பால் வந்துது. அது தெரிஞ்சுது."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. புரியாதுன்னீங்க. நீங்க படிச்சவரு."

கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். ராயபுரம் பாலம் வரை நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் திருவொற்றியூர் போனேன். மெட்ரோ வேலைக்காக நெடுஞ்சாலை முழுக்கத் தகரத் தடுப்பு. ஷேர் ஆட்டோவில் ஒன்றே கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் என்ன சொல்வது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன், அலுவலகக் குறிப்பு எழுதுவதுபோல. அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "தப்பு என் மேலதான் அக்கா" என்பதற்கு மேல் வரவில்லை.

"அந்த டப்பால இன்னா இருந்துதுன்னு நீ கேக்கவே இல்லியே தம்பி" என்றார். "வடிவுடையம்மன் குங்குமம். ரசத்துக்கு நாலு எலுமிச்சம்பழம். நீ சாமி கும்பிடாதவன், சிரிப்பேன்னு அவ மறைச்சா."

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார். சாப்பிட்டேன். வஞ்சிரம் வறுவல். இறங்கவில்லை.

அதன் பிறகு பாதை நேராகவே போனது. நோட்டில் இடது பக்கத்தில் உள்ளே போவது, வலது பக்கத்தில் வெளியே வருவது. எடை வாரம் ஒரு முறை. எம்.சி.டி. எண்ணெய் வந்து சேர்ந்தது. முதலில் அரைக் கரண்டி, பிறகு சிறிது சிறிதாக. அவசரப்பட்டால் வயிற்றுப்போக்கு வரும். அதில் பொரிக்கக் கூடாது, சீக்கிரம் புகைந்துவிடும். ஆறிய சோற்றில் விட்டுப் பிசைய வேண்டும். அதிலேயே மாதக் கணக்கில் ஓட்டவும் முடியாது. உடம்பு தானே செய்துகொள்ளாத சில கொழுப்புகள் அதில் கிடையாது. கூடவே செரிமானத்துக்குக் கணைய நொதி மாத்திரை, சாப்பாட்டின் முதல் வாயோடு. அறுத்த குழல்கள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும் வரை பொறுத்திருப்பதுதான் வைத்தியம். பெரும்பாலானவர்களுக்கு அப்படியே மூடிவிடுமாம். மூடாத சிலருக்கு நிணநீர்க் குழலுக்குள் மருந்து செலுத்தி அடைப்பதும், மறுபடி வயிற்றைத் திறப்பதும் உண்டு. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

பிப்ரவரி 20: 150. 27: 90. மார்ச் 6: 40, இளநீர். எடை 46½.

குழாயை எடுப்பதற்கு முன் ஒரு பரீட்சை வைப்பார்கள். கொழுப்புள்ள சாப்பாடு கொடுத்துப் பார்ப்பது. அப்போதும் பை வெளுக்காவிட்டால் தேறிவிட்டதாக அர்த்தம். என்ன வேண்டும் என்று கேட்டேன். இவள் யோசிக்கவே இல்லை. மார்ச் 9-ஆம் தேதி அக்கா எங்கள் அடுப்பில் சட்டியை ஏற்றி, நல்லெண்ணெயில் நாலு கிழங்கான் வறுத்தார். நாற்பத்தைந்து நாளுக்குப் பிறகு வீட்டில் அந்த வாசனை. இவள் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டோரம் அடுக்கி, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். நான் தூங்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பையைப் பார்த்தேன். நாலு மணிக்கும் பார்த்தேன். "அது பாலு பொங்கறது இல்ல, படுங்க" என்றாள்.

காலை ஆறு மணி: 25, இளநீர்.

13-ஆம் தேதி திங்கட்கிழமை குழாயை உருவினார்கள். கீமோ, சர்க்கரை, மாத்திரை எல்லாம் பிறகு நிறைய இருந்தன. அதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை. நோட்டு அலமாரியில் கிடந்தது. ஒரு நாள் எதையோ தேடும்போது எடுத்துப் புரட்டினேன். பிப்ரவரி 11 முதல் 14 வரை நான்கு வரிகளிலும், வலது ஓரத்தில், இவளுடைய கோணல் எழுத்தில் "தே. எண்ணெய் 4 கரண்டி" என்று எழுதியிருந்தது. எப்போது எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. 16-ஆம் தேதிக் குறிப்பை அவள் அடிக்கவில்லை. அப்படியே விட்டிருந்தாள்.

நண்பருக்கு மறுநாள் நானே போன் செய்தேன். விட்டுப்போனதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை.

"எம்.சி.டி. தேங்காய்ல இருந்துதான் எடுப்பாங்கன்னு நேத்து நீ சொன்னியே" என்றார். "தம்பி பொண்டாட்டி அப்பவே ஒரு லிட்டர் வாங்கி வெச்சிட்டா."

தலைக்குத் தேய்த்துக்கொள்ளட்டும் என்றேன்.